வீட்டு இரசாயனப் பாட்டில்களுக்கு அரிக்காத மூடியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கழிப்பறை கழுவும் ஆசிட், பிளீச் திரவம், அடைப்பு நீக்கும் காஸ்டிக் கரைசல் ஆகிய மூன்றையும் ஐந்து லிட்டர் கேன்களில் வாங்கி, அரை லிட்டர் பாட்டில்களில் பிரித்து வைத்துக்கொள்ளலாம் என்று நான் தொடங்கியபோது, மூடியைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. கையில் கிடைத்த மூடி திருகிப் பொருந்தினால் போதும் என்றிருந்தேன். மூன்று மாதங்களுக்குள் மூன்றும் மூன்று விதமாகக் கெட்டன. ஆசிட் பாட்டிலின் தகர மூடி துருப்பிடித்து மரையோடு ஒட்டிக்கொண்டது. பிளீச் பாட்டிலில் மாட்டியிருந்த தெளிப்பான் பழுப்பு நிறத் தண்ணீரைத் துப்பத் தொடங்கியது. காஸ்டிக் பாட்டிலின் மூடியோ வெளியிலிருந்து பார்க்கப் புத்தம் புதிதாக இருந்தது, ஆனால் அலமாரித் தட்டில் வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தது. கழற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, எதிலுமே பழுது நம் கண்ணில் படும் பக்கத்தில் தொடங்கவில்லை என்பது. தகர மூடியில் உட்பூச்சு கீறியிருந்த இடம், தெளிப்பானில் உள்ளே இருந்த ஸ்பிரிங், மூன்றாவதில் மூடிக்குள் ஒட்டியிருந்த மெல்லிய லைனர் ஆகியவையே முதலில் போயிருந்தன. ஆகவே இந்த வழிகாட்டி மூடியைக் கவிழ்த்துப் பார்க்கும் பழக்கத்தை அடிப்படையாகக் கொண்டது.

1. மூடியை மாற்றத்தான் வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

திரவம் அதனுடைய சொந்தப் பாட்டிலிலேயே இருக்கிறது, மூடி மட்டும் உடைந்தோ தொலைந்தோ போயிற்று என்றால், தயாரிப்பாளரிடம் மாற்று மூடி கேட்பதே முதல் வழி. சிலர் இலவசமாகவே அனுப்புகிறார்கள். அந்தப் பாட்டிலும் மூடியும் அந்தத் திரவத்திற்காகவே சோதிக்கப்பட்டவை. நாம் எவ்வளவு கவனமாகத் தேடினாலும் அதைவிடச் சிறந்த பொருத்தம் கிடைப்பது அரிது. சொந்தப் பாட்டிலிலிருந்து வேறொன்றுக்கு மாற்றுவதாக இருந்தால் மட்டுமே கீழ்க்கண்ட படிகள் முழுமையாகத் தேவைப்படும். தண்ணீர், குளிர்பானம், எண்ணெய் ஆகியவை வந்த பாட்டில்களை இதற்கு எந்த நிலையிலும் பயன்படுத்தாதீர்கள். மூடி எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், பாட்டிலின் உருவத்தைப் பார்த்து ஒருவர் எடுத்துக் குடித்துவிடும் அபாயத்தை அது தடுக்காது.

2. திரவம் எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதைத் தாளில் பார்த்து அறியுங்கள்

"ஆசிட்", "கிளீனர்" என்ற பெயர்களை நம்பி மூடி வாங்கக் கூடாது. ஒரே அலமாரியில் "கிளீனர்" என்ற பெயரோடு அமிலமும் இருக்கும், காரமும் இருக்கும், கரைப்பானும் இருக்கும். தயாரிப்பாளரிடம் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேளுங்கள். வணிக வழக்கில் இதை எம்.எஸ்.டி.எஸ். என்றும் எஸ்.டி.எஸ். என்றும் சொல்வார்கள். இது 16 பகுதிகள் கொண்ட ஒரே சீரான அமைப்பில் வரும். மூடி தேர்வுக்கு அவற்றில் நான்கைப் படித்தால் போதும். 3ஆம் பகுதியில் என்னென்ன பொருள்கள் எத்தனை விழுக்காடு உள்ளன என்று இருக்கும். 7ஆம் பகுதி சேமிப்பு முறையைச் சொல்லும். "காற்று வெளியேறும் மூடியில் வைக்கவும்" போன்ற குறிப்புகள் இங்கேதான் ஒளிந்திருக்கும். 9ஆம் பகுதியில் பி.எச். அளவு இருக்கும். 10ஆம் பகுதியில் எந்தப் பொருளோடு சேரக் கூடாது என்ற பட்டியல் இருக்கும். அலுமினியம், துத்தநாகம், செம்பு ஆகிய உலோகங்களின் பெயர்கள் அங்கே தென்பட்டால், உலோக மூடியை அந்த நொடியே மறந்துவிடலாம்.

படித்து முடித்ததும் உங்கள் திரவத்தைப் பின்வரும் ஐந்து இனங்களில் ஒன்றில் வையுங்கள்: அமிலம், காரம், ஆக்சிஜனேற்றி, கரைப்பான், சோப்புத்தன்மை கொண்ட நீர்க்கரைசல். ஹைட்ரோகுளோரிக் அமிலக் கழிப்பறைத் திரவமும் உப்புப் படிவு நீக்கிகளும் முதல் இனம். காஸ்டிக் சோடாவும் அம்மோனியாவும் இரண்டாவது. பிளீச் திரவமான சோடியம் ஹைப்போகுளோரைட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் மூன்றாவது. தின்னர், டர்பன்டைன், அசிட்டோன் நான்காவது. பாத்திரம், தரை, துணி ஆகியவற்றுக்கான திரவங்கள் ஐந்தாவது. பிளீச் திரவம் காரத்தன்மையும் உடையது என்பதால் அதை இரண்டு இனங்களிலும் வைத்துப் பார்க்க வேண்டும். ஐந்தாவது இனம் சாதுவானது என்று தோன்றும். உண்மையில் மூடிகளை வெடிக்கச் செய்வதில் அதற்கும் பெரிய பங்கு உண்டு.

3. மூடியின் உடல் எந்தப் பொருளால் ஆனது என்று பாருங்கள்

பெரும்பாலான திருகு மூடிகளின் உட்புறத்திலோ மேற்புறத்திலோ முக்கோணத்திற்குள் ஓர் எண் இருக்கும். 2 என்றால் எச்.டி.பி.இ. எனப்படும் அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன்; 4 என்றால் அதன் மென்மையான உடன்பிறப்பு; 5 என்றால் பாலிபுரொப்பிலீன். எண் இல்லாவிட்டால், லைனரைக் கழற்றிவிட்டு மூடியைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்: பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் மிதக்கும், பி.வி.சி., பாலிஸ்டைரீன், கறுப்பு நிறப் பீனாலிக் மூடி ஆகியவை மூழ்கும். மூடிக்குள் காற்றுக் குமிழி தங்கிவிடாமல் அழுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் மூழ்க வேண்டியதும் மிதக்கும்.

வீட்டு அளவிலான அமிலத்துக்கும் காரத்துக்கும் பாலிபுரொப்பிலீன் மூடி நன்றாகத் தாங்கும். வாங்குவதற்கு எளிதானதும் அதுவே. பிளீச் திரவத்தில் அது சாதாரண வெப்பநிலையில் நெடுநாள் தாங்கினாலும், ஆக்சிஜனேற்றிகள் அதன் மூலக்கூறுச் சங்கிலியை மெல்ல மெல்ல அறுக்கும் என்பதால், ஆண்டுக்கணக்கில் அதையே வைத்திருக்கக் கூடாது. எச்.டி.பி.இ. இந்த விஷயத்தில் சற்று மேலானது. ஆனால் எச்.டி.பி.இ.க்கு வேறொரு பலவீனம் உண்டு: இறுக்கத்தில் இருக்கும் நிலையில் சோப்புத் திரவம் பட்டால் அதில் தகைவு விரிசல் விழும். சோப்புத் திரவம் அந்தப் பிளாஸ்டிக்கைக் கரைப்பதில்லை, நிறத்தை மாற்றுவதுமில்லை. மூடியின் பக்கச்சுவரில் மயிரிழை போன்ற ஒரு கோட்டை மட்டும் உண்டாக்குகிறது, அந்தக் கோடு ஒரு நாள் பிளந்துகொள்கிறது. பாத்திரம் கழுவும் திரவத்தின் மூடி காரணமே இல்லாமல் வெடித்ததாக நாம் நினைப்பது பெரும்பாலும் இதுதான். சோப்புத்தன்மை உள்ள எதற்கும் பாலிபுரொப்பிலீனையே எடுங்கள்.

பீனாலிக் மூடிகள் கடினமானவை, பார்க்கவும் கம்பீரமானவை. கரைப்பான்களைத் தாங்கும் அவை செறிவான காரத்திலும் பிளீச்சிலும் அரிக்கப்படும். பாலிஸ்டைரீன் மூடியைத் தின்னர், அசிட்டோன் பக்கமே கொண்டுபோகக் கூடாது, கரைந்து பசையாகிவிடும். அலுமினிய மூடி அமிலத்திலும் அழியும், காரத்திலும் அழியும். காஸ்டிக் கரைசலோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் வாயுவையும் வெளியிடும் என்பதால் இது அரிப்போடு முடிகிற விஷயமல்ல. அதற்காக எல்லா உலோகத்தையும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. தின்னரும் டர்பன்டைனும் சாதாரண பிளாஸ்டிக்கை ஊறவைத்து, அதன் சுவர் வழியாகவே மெல்ல வெளியேறும் தன்மை உடையவை. அவற்றைத் தகரக் கேனிலேயே, அந்தக் கேனின் மூடியோடு விட்டுவைப்பதே சரி.

4. லைனர்: உங்கள் நேரத்தின் பாதியை இங்கே செலவிடுங்கள்

மூடிக்குள் வட்டமாக ஒட்டியிருக்கும் மெல்லிய தகடுதான் லைனர். திரவத்தைத் தடுத்து நிறுத்துவது அதுதான். மூடியின் வேலை அதைப் பாட்டில் வாயின்மேல் அழுத்திப் பிடித்திருப்பது மட்டுமே. ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே நிறுவனம் என்று வாங்கிய இரண்டு மூடிகளில் லைனர் வேறாக இருக்கலாம். என் காஸ்டிக் பாட்டிலில் நடந்தது இதுவே. மூடி பாலிபுரொப்பிலீன்தான், ஆனால் உள்ளே இருந்தது காகிதக்கூழ் அட்டையின்மேல் மெல்லிய அலுமினியத் தாள் ஒட்டிய லைனர். கரைசல் ஓரத்தில் கசிந்து அலுமினியத்தைத் தின்று, அட்டையை ஊறவைத்து, வெளியே வந்து காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடோடு சேர்ந்து சோடியம் கார்பனேட்டாகக் காய்ந்திருந்தது. அலமாரியில் நான் துடைத்த வெள்ளைப் பொருக்கு அதுதான்.

காகிதக்கூழ் அடியட்டை உள்ள எந்த லைனரையும் அரிக்கும் திரவங்களுக்கு எடுக்காதீர்கள் என்பது இதிலிருந்து நான் வகுத்துக்கொண்ட முதல் விதி. நீரில் கரைந்த, மிதமான செறிவுள்ள அமிலம், காரம், பிளீச், சோப்பு ஆகிய அனைத்துக்கும் முழுக்கப் பாலிஎத்திலீனால் ஆன நுரை லைனர் போதுமானது. நடுவில் நுரையும் இரு பக்கமும் மெல்லிய வழுவழுப்பான தோலும் இருக்கும். நகத்தால் அழுத்தினால் அமுங்கி மீண்டும் எழ வேண்டும். அமுங்கியபடியே நின்றால் அது பழையது.

கரைப்பானுக்கும் செறிவான அமிலத்துக்கும் பி.டி.எஃப்.இ. முகம் கொண்ட லைனர் தேவை. டெஃப்லான் என்ற வணிகப் பெயரில் பலரும் அறிந்த பொருள் இது. வீட்டில் புழங்கும் ஏறத்தாழ எந்த இரசாயனமும் இதைத் தொட முடியாது. ஆனால் அந்தப் பாதுகாப்பு ஒரு முகத்தில் மட்டுமே இருக்கிறது, அதன் பின்னால் இருப்பது சாதாரண நுரையோ ரப்பரோதான். கழுவுவதற்காக லைனரை வெளியே எடுத்துத் திருப்பி மாட்டினால், பணம் கொடுத்து வாங்கிய பாதுகாப்பு முழுவதும் மூடியின் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். நானே இதை ஒருமுறை செய்தேன். வழவழப்பான முகம் திரவத்தை நோக்கியிருக்க வேண்டும் என்பதைக் கழற்றும்போதே பேனாவால் பின்புறத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

லைனருக்குப் பதிலாகக் கூம்பு வடிவில் ஒரு மென்மையான பிளாஸ்டிக் அடைப்பு உள்ள மூடிகளும் உண்டு. கூம்பு பாட்டிலின் வாய்க்குள் இறங்கி உட்சுவரில் அழுந்துவதால், வாய்விளிம்பு சற்றே சீரற்றதாக இருந்தாலும் கசியாது. அடிக்கடி திறந்து மூடும் பாட்டிலுக்கு எனக்குப் பிடித்தது இதுவே; ஒட்டிய லைனர்போல உரிந்து விழுந்து தொலையாது. தின்னருக்கு மட்டும் ஆகாது, கூம்பு வீங்கிவிடும்.

பாட்டில் வாயின்மேல் ஒட்டிவரும் அலுமினியத் தாள் முத்திரை ஒருமுறைப் பயன்பாட்டுக்கானது. அதைக் கிழித்த பிறகு விளிம்பில் எஞ்சும் சிறு வளையம் புதிய லைனர் சமமாக உட்காருவதைத் தடுக்கும். முழுதாகச் சுரண்டி எடுத்துவிட்டே மூடி போடுங்கள்.

கேன்களின் பெரிய மூடிகளிலும் குழாய் வைத்த மூடிகளிலும் லைனருக்குப் பதிலாக ரப்பர் வளையம் இருக்கும். எல்லாக் கறுப்பு வளையங்களும் ஒன்றல்ல. இ.பி.டி.எம். ரப்பர் பிளீச், நீர்த்த அமிலம், காரம் ஆகியவற்றைத் தாங்கும்; பெட்ரோலிய எண்ணெயும் தின்னரும் பட்டால் ஊதிப்போகும். நைட்ரைல் ரப்பர் அதற்கு நேர்மாறாக எண்ணெயைத் தாங்கி, பிளீச்சில் வெடித்துப்போகும். எஃப்.கே.எம். எனப்படும் ஃபுளோரின் ரப்பர் விலை கூடியது. அமிலத்தையும் பெட்ரோலியக் கரைப்பானையும் தாங்கும், ஆனால் அசிட்டோனிலும் அம்மோனியாவிலும் தோற்கும். சிலிக்கோன் வளையம் வெப்பத்தைத் தாங்குவதால் பலரும் அதை எதற்கும் பொருந்துவதாக நம்புகிறார்கள். செறிவான அமிலத்திலும் காரத்திலும் அது நில்லாது. வளையத்தைக் கண்ணால் பார்த்து எந்த ரப்பர் என்று கண்டுபிடிக்க முடியாது என்பதால், விற்பவர் எழுத்தில் கொடுக்காத வளையத்தை வாங்காதீர்கள்.

5. தெளிப்பான், பம்பு ஆகியவற்றைப் பிரித்துப் பாருங்கள்

விசைத் தெளிப்பானுக்குள் ஒரு ஸ்பிரிங்கும், பல வகைகளில் ஒரு சிறு உலோகக் குண்டும் இருக்கும். "துருப்பிடிக்காத எஃகு" என்று எழுதியிருப்பது பிளீச்சுக்குப் போதாது: ஹைப்போகுளோரைட்டும் அதனுடன் எப்போதும் இருக்கும் குளோரைடும் சேர்ந்து எஃகின் பாதுகாப்புப் படலத்தைத் துளைத்துக் குழிக்குழியாக அரிக்கும். மாலிப்டினம் கலந்த 316 வகை எஃகு சாதாரண 304 வகையைவிடக் கூடுதல் காலம் தாங்கும், அவ்வளவே. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இரண்டுமே நில்லா.

அரிப்பினால் இன்னொரு கெடுதியும் உண்டு. கரைந்து இறங்கும் உலோகம் பிளீச் திரவத்தின் சிதைவைத் தூண்டும். செம்பும் நிக்கலும் இதில் மிகக் கொடியவை. ஆகவே கெட்ட ஸ்பிரிங் தெளிப்பானை மட்டுமன்றி, பாட்டிலில் மிச்சமிருக்கும் திரவத்தையும் வலுவிழக்கச் செய்கிறது. இத்தகைய திரவங்களுக்கு ஸ்பிரிங் உட்பட முழுவதும் பிளாஸ்டிக்கான தெளிப்பானையோ, ஸ்பிரிங் திரவம் செல்லும் வழிக்கு வெளியே அமைந்த தெளிப்பானையோ கேளுங்கள். குண்டு இருந்தால் கண்ணாடிக் குண்டாக இருக்கட்டும். வாங்கிய ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள். அமிலத்தைத் தெளிப்பானில் ஊற்றுவதை நான் முற்றிலும் நிறுத்திவிட்டேன். அமிலத் துளிகளை மூச்சோடு இழுக்கும் அபாயத்தை எந்த மூடியும் தீர்க்காது.

6. காற்று வெளியேறும் மூடி தேவையா என்று தீர்மானியுங்கள்

அரிக்காத மூடி என்றால் இறுக்கமான மூடி என்ற எண்ணமே புதியவர்கள் விழும் பெரிய குழி. பிளீச் திரவமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சும்மா இருக்கும்போதே சிதைந்து ஆக்சிஜனை வெளியிடும். பிளீச் திரவத்தின் சிதைவு, வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் ஏறக்குறைய மூன்று முதல் நான்கு மடங்காகும்; செறிவு பாதியானால் வேகம் கால் பங்காகக் குறையும். எனவே வீட்டில் சாதாரணமாகக் கிடைக்கும் 5 அல்லது 6 விழுக்காட்டுத் திரவத்தை நிழலில் வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லை பெரிதாக வராது; 10 விழுக்காட்டுக்கு மேற்பட்ட கேனை வெயில் படும் இடத்தில் வைத்திருப்பவருக்கு வந்தே தீரும்.

காற்று வெளியேறும் மூடியின் நடுவில் ஒரு சிறு துளையும், அதன் உட்புறத்தில் நுண்துளைகள் கொண்ட பி.டி.எஃப்.இ. படலமும் இருக்கும், வாயு வெளியேறும், திரவம் வெளியேறாது. பாட்டில் நிமிர்ந்து நிற்கும்போதுதான் இது சரியாக வேலை செய்யும், படுக்கப் போட்டால் படலம் நனைந்து வாயு அடைபடும். துளையிட்ட சாதாரண மூடியை இதற்கு மாற்றாக நினைக்காதீர்கள். தின்னர், அசிட்டோன், அமிலம் ஆகியவற்றுக்குக் காற்று வெளியேறும் மூடி கூடாது, ஆவி வெளியே வரும். உதாரணமாக, 30 விழுக்காடு அளவிலான ஹைட்ரோகுளோரிக் அமிலம் நன்றாகப் புகையும். மூடி சற்றுத் தளர்ந்திருந்தாலும் அதே அறையிலுள்ள இரும்புக் கருவிகள் எல்லாம் துருவேறும்.

ஏற்கெனவே ஊதிய பாட்டில் உங்களிடம் இருந்தால், கண்ணாடியும் கையுறையும் அணிந்து, முகத்தை விலக்கி, மூடியின்மேல் துணியைப் போட்டு, கால் சுற்று மட்டும் திருகிச் சீறல் அடங்கும்வரை காத்திருங்கள்.

7. பாட்டிலின் கழுத்தை அளந்துகொள்ளுங்கள்

மூடிகள் 28/400, 28/410 என்பது போன்ற இரட்டை எண்களால் விற்கப்படுகின்றன. முதல் எண் கழுத்து மரையின் வெளி விட்டத்தை மில்லிமீட்டரில் தோராயமாகக் குறிக்கும். காலிப்பரால் அளந்தால் சற்றுக் குறைவாகவே வரும், 28 என்பது 27க்குச் சற்று மேலாக இருக்கும். இரண்டாவது எண் மரையின் வகை: 400 என்றால் மரை ஒரு சுற்று, 410 என்றால் ஒன்றரைச் சுற்று, 415 என்றால் இரண்டு சுற்று. தெளிப்பான்கள் பெரும்பாலும் 28/400, 28/410 அளவுகளில் வரும்.

குளிர்பானப் பாட்டிலின் கழுத்தும் 28 மி.மீ. என்றே சொல்லப்படும், ஆனால் அதன் மரையின் சாய்வும் இடைவெளியும் வேறு. அந்த மூடி இரசாயனப் பாட்டிலில் ஒரு சுற்று திருகும், இறுகியதுபோல் நிற்கும், லைனர் ஒரு பக்கம் மட்டும் அழுந்தியிருக்கும். கையில் பிடிக்கும்போது தெரியாது, சாய்க்கும்போது தெரியும்.

8. குழந்தைகளால் திறக்க இயலாத மூடி

வீட்டில் குழந்தைகள் வசித்தாலும், வந்துபோனாலும் இதைத் தவிர்க்கக் கூடாது. மீண்டும் மூடக்கூடிய பாட்டில்களுக்கான பன்னாட்டுத் தரம் ஐ.எஸ்.ஓ. 8317. இந்தச் சோதனையில் 42 முதல் 51 மாத வயதுள்ள குழந்தைகளிடம் பாட்டிலைக் கொடுத்து, முதல் ஐந்து நிமிடத்தில் குறைந்தது 85 விழுக்காட்டினர் திறக்க இயலாதிருக்கிறார்களா, திறக்கும் விதத்தைச் செய்துகாட்டிய பிறகு அடுத்த ஐந்து நிமிடத்திலும் குறைந்தது 80 விழுக்காட்டினர் திறக்க இயலாதிருக்கிறார்களா என்று பார்க்கிறார்கள். அதாவது ஐந்தில் ஒரு குழந்தை திறந்துவிட்டாலும் மூடி தேர்ச்சி பெறும். உயரமான, பூட்டிய அலமாரிக்கு இது மாற்று அல்ல.

சான்றிதழ் மூடிக்கு மட்டும் உரியதன்று, குறிப்பிட்ட பாட்டிலும் மூடியும் சேர்ந்த இணைக்கு உரியது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வேறு பாட்டிலில் மாட்டினால், அழுத்தித் திருகும் அமைப்பு பற்றிக்கொள்ளாமல் சாதாரண மூடியாகவே சுழலலாம். லைனர் வீங்கினாலும் இதுவே நடக்கும்.

9. வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய தாள்களும் செலவுக் கணக்கும்

விற்பவரிடம் மூன்று தாள்களைக் கேளுங்கள்: மூடி உடலும் லைனரும் எந்தப் பொருளால் ஆனவை என்று தனித்தனியாகக் குறிப்பிடும் விவரத்தாள், கழுத்தின் அளவு வரைபடம், அந்த மூடிப் பொருள்களுக்கான இரசாயனத் தாங்குதிறன் அட்டவணை. குழந்தைத் தடுப்பு மூடியானால் அதற்குரிய சான்றிதழ் நான்காவது. தாங்குதிறன் அட்டவணையைப் படிக்கும்போது, இரசாயனத்தின் பெயருக்கு நேரே உள்ள "நன்று" என்ற சொல்லோடு நின்றுவிடாமல், எந்தச் செறிவில், எந்த வெப்பநிலையில், எத்தனை நாளுக்கு என்ற அடிக்குறிப்பையும் பாருங்கள். 20 டிகிரியில் நன்றாக இருப்பது 50 டிகிரியில் ஆகாததாக இருக்கலாம். வெயிலில் நிற்கும் கொட்டகைக்குள் வெப்பம் அதை நோக்கித்தான் போகும்.

செலவைப் பொறுத்தவரை, நுரை லைனர் மூடிதான் மலிவு, பி.டி.எஃப்.இ. முகம் கொண்டது அதைவிடச் சில மடங்கு ஆகும். நுண்துளைப் படல மூடி அதற்கும் மேல். இந்த வேறுபாட்டைப் பார்த்து எல்லாவற்றுக்கும் மலிவானதையே வாங்குவதும் தவறு, அச்சத்தில் எல்லாவற்றுக்கும் விலையுயர்ந்ததையே வாங்குவதும் வீண். சோப்புத் திரவத்துக்கு பி.டி.எஃப்.இ. எதற்கு? உண்மையில் கையைக் கடிப்பது குறைந்தபட்ச எண்ணிக்கை நிபந்தனைதான்: பத்து மூடி வேண்டியவர் நூறு வாங்க நேரிடும். எனவே மாதிரிக்கு ஐந்தாறு மூடிகளை விலை கொடுத்தாவது முதலில் வாங்கிச் சோதித்துவிட்டு, பிறகு மொத்தமாக வாங்குங்கள். நான் தலைகீழாகச் செய்து, அளவு பொருந்தாத மூடிகளை ஒரு பை நிறைய இன்னும் வைத்திருக்கிறேன்.

10. மூடியை இறுக்கிய நிலையில் சோதியுங்கள்

முதல் முறை நான் மூடிகளைத் திரவத்தில் சும்மா ஊறப்போட்டு, ஒரு வாரம் கழித்து எடுத்துப் பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்று மகிழ்ந்தேன். அதே மூடிகள் பாட்டிலில் ஏறிய ஐந்தாவது வாரத்தில் விரிசல் விட்டன. தகைவு விரிசலுக்குத் திரவமும் வேண்டும், இழுவிசையும் வேண்டும். சும்மா ஊறும் மூடியில் இழுவிசை இல்லை. ஆகவே சோதனையைப் பாட்டிலில் வைத்தே செய்யுங்கள்.

பாட்டிலைப் பத்தில் ஒன்பது பங்குவரை நிரப்பி, மூடியை இறுக்கி, எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தட்டு ஒன்றில் காகிதத்தை விரித்து, 24 மணி நேரம் பாட்டிலைக் கவிழ்த்து வையுங்கள்; காகிதத்தில் ஈர வளையம் விழுந்தால் அந்த மூடி அத்தோடு கழிந்தது. காற்று வெளியேறும் மூடிகளையும் வாயு விடும் திரவங்களையும் மட்டும் கவிழ்க்க வேண்டாம். தப்பியதை நிமிர்த்தி, பயன்படுத்தப்போகும் இடத்திலேயே 28 நாள் விடுங்கள். 7ஆம் நாளும் 28ஆம் நாளும் எடை போட்டுப் பாருங்கள். எடை குறைந்துகொண்டே போனால், கசிவு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ஆவி போகிறது. கடைசியில் கழற்றி, லைனரை விளக்கொளியில் பாருங்கள்: நிறமாற்றம், கொப்புளம், ஓரம் சுருளல், பிசுபிசுப்பு ஆகிய நான்கில் ஒன்று இருந்தாலும் வேண்டாம். மூடியின் பக்கச்சுவரை மெல்ல அமுக்கி மயிரிழைக் கோடு வெளுத்துத் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

தாள்கள் வந்துசேர ஒரு வாரம், மாதிரிக்கு ஒன்றிரண்டு வாரம், சோதனைக்கு நான்கு வாரம் என்று ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். அதுவரை திரவம் வந்த கேனிலேயே இருக்கட்டும்.

அமிலத்தையும் பிளீச்சையும் ஒரே தட்டில் சோதிக்கவோ ஒரே துணியால் துடைக்கவோ கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். பிளீச்சும் அம்மோனியாவும் கலந்தால் குளோரமைன் என்ற நச்சுவாயு வரும்.

11. இறுக்கும் அளவும் மாற்றும் காலமும்

மூடியின் மில்லிமீட்டர் விட்டத்தில் ஏறத்தாழ பாதியை, இறுக்கும் திருகுவிசையாக அங்குல-பவுண்டு அளவில் எடுத்துக்கொள்வது தொழிலில் உள்ள தோராயக் கணக்கு, 28 மி.மீ. மூடிக்கு 14, அதாவது சுமார் 1.6 நியூட்டன் மீட்டர். கருவி எதுவும் இல்லாமல், கை விரல்களால் உறுதியாகத் திருகினால் கிடைக்கும் இறுக்கம் இதுதான். இடுக்கியால் இறுக்கினால் விரிசலை நாமே வரவழைக்கிறோம். பிளாஸ்டிக் அழுத்தத்துக்குச் சற்று இளகிக்கொடுக்கும் என்பதால், மூடிய மறுநாள் ஒருமுறை தொட்டுப் பார்த்து, தளர்ந்திருந்தால் மட்டும் மீண்டும் திருகுங்கள்.

ஒவ்வொரு முறை ஊற்றிய பிறகும் மரையையும் வாய்விளிம்பையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டே மூடுங்கள். காய்ந்த உப்பு ஒரு துளி இருந்தாலும் லைனர் சமமாக உட்காராது. காஸ்டிக் பாட்டிலிலோ அந்தப் பொருக்கு மூடியைச் சிமெண்டு போலப் பிடித்துக்கொள்ளும்.

பிளீச், அமில மூடிகளை நான் ஆண்டுக்கு ஒருமுறை, பழுது தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுகிறேன். சோப்புத் திரவ மூடிகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கவிழ்த்துப் பார்க்கிறேன், தெளிப்பான்களை ஆறு மாதத்தில் கழித்துவிடுகிறேன். மூடி மாட்டிய தேதியையும் லைனர் வகையையும் திரவத்தின் பெயரோடு சேர்த்து, அழியாத மையால் பாட்டிலின் உடம்பில் எழுதுங்கள். மூடியில் எழுதாதீர்கள்: இரண்டு பாட்டில்களை ஒரே நேரத்தில் திறந்தால் மூடிகள் இடம் மாறிவிடும்.